ரெஸ்லிங்கில் நிபந்தனை மேட்ச்: பகைக்காக விதியா, விதிக்காகப் பகையா?

பாலக்கோட்டான் (இழையைத் தொடங்கியவர்)

கூண்டு, ஏணி, மேசை, சவப்பெட்டி, தீ, மூங்கில் சிறை என்று ரெஸ்லிங்கில் எத்தனையோ வகை நிபந்தனை மேட்ச்களைப் பார்த்துவிட்டோம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ரசிகர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன். இதில் எது தேறும், எது தேறாது? பெயரை மட்டும் போடாமல் காரணத்தோடு எழுதுங்கள்.

என் பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நிபந்தனை பகையிலிருந்து முளைக்க வேண்டும். சாதாரண மேட்சில் இந்தத் தகராறு தீராது என்று ஆன பிறகுதான் மேலேயிருந்து கூண்டு இறங்க வேண்டும்.

சாதாரண மேட்ச் எப்படி முடியும்? இரண்டு தோளும் தரையில் பட்டு ரெஃப்ரி மூன்று எண்ணினால் பின். வலி தாங்காமல் கையால் தட்டினால் சப்மிஷன். ரிங்குக்கு வெளியே பத்து எண்ணும்வரை நின்றுவிட்டால் கவுண்ட் அவுட். நாற்காலியை எடுத்து அடித்தாலோ, கூட்டாளி உள்ளே புகுந்தாலோ டிஸ்குவாலிஃபிகேஷன். கடைசி இரண்டிலும் சாம்பியனின் பெல்ட் கைமாறாது. வில்லன் சாம்பியனுக்கு இது போதும். தோற்கப் போகிறோம் என்று தெரிந்தால் பெல்ட்டைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டுவான், இல்லையென்றால் வேண்டுமென்றே நாற்காலியை எடுப்பான். நல்ல நிபந்தனை எதுவாக இருந்தாலும் இப்படி ஒரு ஓட்டையை அடைக்க வந்ததாகத்தான் இருக்கும்.

முதல் ஹெல் இன் எ செல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 1997 அக்டோபர் 5, செயின்ட் லூயிஸ். அந்த வருஷம் சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சியில் ஷான் மைக்கேல்ஸ் ரெஃப்ரியாக நின்றார். பிரெட் ஹார்ட்டை நோக்கி வீசிய நாற்காலி அண்டர்டேக்கர் தலையில் பட்டது, அவர் பெல்ட் போனது. அடுத்த மாதம் மைக்கேல்ஸும் அண்டர்டேக்கரும் மோதிய மேட்ச் முடிவே இல்லாமல் ரகளையில் நின்றது. மைக்கேல்ஸ் பக்கம் எப்போதும் ஆள் இருந்தார்கள். ஆகவே யாரும் உள்ளே வர முடியாதபடி, இவரும் வெளியே ஓட முடியாதபடி, கூரையும் போட்ட கூண்டு. அதற்குள் நடந்ததெல்லாம் அந்தப் பகைக்கு உரிய பதில். அப்புறம் அந்தக் கதவையே பிய்த்துக்கொண்டு, கதையில் அண்டர்டேக்கரின் தம்பியான கேன் முதல்முறையாக வந்து நின்றார். யாரும் வர முடியாது என்று அத்தனை முறை சொல்லி வைத்ததால்தான் அவர் வந்தது அப்படி உறைத்தது.

2009-லிருந்து 2022 வரை ஹெல் இன் எ செல் என்ற பெயரிலேயே வருஷா வருஷம் நிகழ்ச்சி வைத்தார்கள். தேதி வந்துவிட்டது, கூண்டை இறக்கு, உள்ளே யாரையாவது போடு என்று ஆகிவிட்டது. 2009-இல் ஒரே ராத்திரியில் மூன்று செல் மேட்ச். கடைசித் தீர்ப்பு என்று சொல்லும் இடம் அன்றைக்கு மூன்று தரம் வந்தால் எது கடைசி?

ஓசூர்_நைட்ஷிஃப்ட்

பாலக்கோட்டான் எழுதியது:
«நிபந்தனை பகையிலிருந்து முளைக்க வேண்டும்.»

இதை முழுசாக ஒப்புக்கொள்ள முடியாது அண்ணா. ராயல் ரம்பிளை எந்தப் பகையில் சேர்ப்பீர்கள்? அது தேதிக்கு வருவதுதான். ஜனவரி பிறந்தாலே நமக்கு ரம்பிள் நினைப்பு வருகிறதே, அந்த எதிர்பார்ப்பே அதன் பலம்.

பேட் பேட்டர்சன் யோசித்த மேட்ச் அது. 1988 ஜனவரி 24, கனடாவின் ஹாமில்டன், இருபது பேர், ஜிம் டகன் ஜெயித்தார். அடுத்த வருஷமே முப்பது பேர் ஆக்கிவிட்டார்கள். 1993-லிருந்து ஜெயித்தவருக்கு, அமெரிக்காவின் WWE கம்பெனி வருஷா வருஷம் நடத்தும் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவில் சாம்பியன்ஷிப் மேட்ச் என்ற பரிசும் சேர்ந்தது. விதி சின்னப் பையனுக்கும் புரியும்: மேல்கயிற்றைத் தாண்டி வெளியே விழுந்து இரண்டு காலும் தரையில் பட்டால் அவுட். குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு புது ஆள். கவுண்ட்டவுன் ஓடும், அரங்கமே சேர்ந்து எண்ணும், பஸ்ஸர் அடிக்கும், யார் பாட்டு வரும் என்று அந்த அரை நொடி காதைத் தீட்டிக்கொண்டிருப்போம். வேறு எந்த மேட்சிலும் அந்த அரை நொடி கிடையாது.

«இரண்டு காலும்» என்ற அந்தச் சின்ன வார்த்தைக்குள் எவ்வளவு விளையாட்டு இருக்கிறது பாருங்கள். 1995-இல் மைக்கேல்ஸ் முதல் ஆளாக வந்தார். கடைசியில் பிரிட்டிஷ் புல்டாக் அவரைத் தூக்கி வெளியே போட்டார். புல்டாக்கின் பாட்டே போட ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் மைக்கேல்ஸ் கயிற்றை விடவில்லை, ஒரு கால்தான் தரையைத் தொட்டது. மறுபடி ஏறி வந்து, கொண்டாடிக்கொண்டிருந்த புல்டாக்கைப் பின்னாலிருந்து தள்ளி ஜெயித்தார். 2012-இல் கோஃபி கிங்ஸ்டன் வெளியே விழும்போது இரண்டு கையையும் ஊன்றித் தலைகீழாக நின்று, கையாலேயே நடந்து இரும்புப் படிக்கட்டில் காலை வைத்தார். கால் தரையில் படவே இல்லை. விதியைத் துளிகூட மீறாமல் விதியோடு விளையாடுவது இதுதான்.

பகையே இல்லாமல் உள்ளே போகிற மேட்ச் இது. உள்ளே போன பிறகு முப்பது பகை பிறக்கும். அதனால் உங்கள் அளவுகோல் ரம்பிளுக்குப் பொருந்தாது.

மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்)

ஓசூர்காரர் சொன்னதில் பாதி சரி. ரம்பிள், மணி இன் தி பேங்க் (ஏணியில் ஏறி மேலே தொங்கும் பெட்டியை எடுக்கிற மேட்ச்) இரண்டும் சந்தை மாதிரி தேதிக்கு வருகிற மேட்ச்கள், வேண்டுமானால் பந்தயம் என்று சொல்லலாம். பாலக்கோட்டான் பேசுவது பகை தீர்க்கிற மேட்ச்களை. இரண்டையும் ஒரே தராசில் போடாமல் பேசினால் சண்டையே வராது.

பகையிலிருந்து முளைத்த நிபந்தனைக்கு என்னைக் கேட்டால் ரெஸில்மேனியா 10-இன் லேடர் மேட்ச். 1994 மார்ச் 20, மேடிசன் ஸ்கொயர் கார்டன். மைக்கேல்ஸிடம் இருந்த இன்டர்காண்டினென்டல் பட்டத்தைப் பறித்துவிட்டார்கள், ரேசர் ரமோன் புது சாம்பியன் ஆனார். மைக்கேல்ஸ் திரும்பி வந்து, நான் யாரிடமும் தோற்கவில்லை, நான்தான் சாம்பியன் என்று தன் பழைய பெல்ட்டோடு நின்றார். ஒரே பட்டத்துக்கு இரண்டு பெல்ட். சரி, இரண்டையும் ரிங்குக்கு மேலே தொங்கவிடு, ஏறி யார் எடுக்கிறானோ அவன்தான் சாம்பியன். வழக்கு எப்படியோ தீர்ப்பும் அப்படியே. ஏணி மேட்ச் அதற்கு முன்பே இருந்தது, கனடாவின் கால்கரி நகரத்து ஸ்டாம்பீட் கம்பெனி 1972-லேயே நடத்தியிருக்கிறது. ஆனால் உலகம் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்த மேட்சை மறுபடி போட்டு மைக்கேல்ஸின் உடம்பை மட்டும் கவனியுங்கள். ஏணி ஒரு பொருளாக இல்லாமல் மூன்றாவது ஆளாகவே இருக்கும். மேலிருந்து ஏணியோடு சேர்ந்து குதித்து ரேசர் மேல் விழுவார். கடைசியில் ஏணியிலிருந்து தள்ளப்பட்டு விழும்போது கால் கயிறுகளுக்குள் சிக்கிக்கொள்ளும். அவர் காலை விடுவிக்கப் போராடுவதும், ரேசர் ஒவ்வொரு படியாக ஏறுவதும் ஒரே ஃப்ரேமில் தெரியும். எண்ணுவதற்கு ரெஃப்ரி தேவையில்லை, படிகளைப் பார்த்து நாமே எண்ணிக்கொள்வோம்.

இன்னொரு வசதியும் ஏணிக்கு உண்டு. தோற்றவன் முதுகு தரையில் படவே வேண்டாம், தட்டவும் வேண்டாம். அதனால் தோற்றவனின் மதிப்பு குறையாது. இரண்டு பேரையும் காப்பாற்ற வேண்டும் என்றால் கதை எழுதுகிறவர்கள் ஏணியை எடுப்பது இதனால்தான். ட்ரிபிள் த்ரெட்டும் அதே கணக்கு: மூன்று பேரில் யாரை யார் பின் செய்தாலும் மேட்ச் முடிந்தது, தன்னை யாரும் தொடாமலே சாம்பியன் பெல்ட்டை இழக்கலாம்.

ஊத்தங்கரை_தம்பி

அண்ணன்களுக்கு வணக்கம். எனக்கு ஒரு அடிப்படைச் சந்தேகம். ஸ்டீல் கேஜுக்கும் செல்லுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டுமே கம்பிக் கூண்டுதானே? அப்புறம் எலிமினேஷன் சேம்பர் எதில் சேரும்?

மாந்தோப்பு

தம்பி, ஸ்டீல் கேஜுக்குக் கூரை கிடையாது. ரிங்கின் ஓரத்தை ஒட்டியே நிற்கும். மேலே ஏறிக் குதித்தோ கதவு வழியாகவோ வெளியே போய்விட்டால் ஜெயித்த மாதிரி, பின்னும் சப்மிஷனும் கூட உண்டு. செல்லுக்குக் கூரை உண்டு. ரிங்கைச் சுற்றி நடக்கவும் இடம் இருக்கும், வெளியே போவதால் ஜெயிக்க முடியாது. கேஜில் தப்பிப்பவன் ஜெயிக்கிறான், செல்லில் தப்பிக்கவே வழியில்லை.

சேம்பர் 2002 நவம்பர் 17-இல் வந்தது. ஆறு பேர். இரண்டு பேர் தொடங்க, மீதி நாலு பேர் மூலைக்கு ஒருவராகக் கண்ணாடி அறையில் அடைபட்டு நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். சில நிமிஷத்துக்கு ஒரு அறை திறக்கும். பின் ஆனவன் வெளியே, கடைசியில் நிற்பவன் சாம்பியன். முதல் சேம்பரில் ஜெயித்ததும் ஷான் மைக்கேல்ஸ்தான்.

ஊத்தங்கரை_தம்பி

நன்றி அண்ணா. இப்போது தெளிவாகிவிட்டது. எங்கள் பெரியப்பா பையன் ட்ரம்ப் கார்டு காலத்து ஆள், அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று இன்றைக்கும் சொல்வான் :)

புதியவர்_தொப்பூர்

எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்து ஆடுவதுதானே? யார் ஜெயிப்பார் என்று எழுதிவிட்டு வருகிறார்கள். அதற்கு விதி எதற்கு, நிபந்தனை எதற்கு?

அரூர்_வாத்தியார்

தொப்பூர் நண்பருக்கு. நம் பக்கத்தில் பாரதக் கூத்து பார்த்திருப்பீர்கள். பதினெட்டாம் நாள் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் அத்தனை நீளத்துக்குப் படுத்திருக்கிறான். அவன் சாவான் என்று ஊரில் தெரியாதவர் யாரும் இல்லை. பீமன் தொடையில்தான் அடிப்பான் என்பதும் தெரியும். திரௌபதி கூந்தலை முடியும்போது கூட்டம் ஏன் சிலிர்க்கிறது? சபையில் அவள் போட்ட சபதம் பல ராத்திரிக்கு முன்னால் நம் காதில் விழுந்ததால். சபதம் இல்லாமல் படுகளம் மட்டும் போட்டால் யாரும் உட்கார்ந்து பார்க்கமாட்டார்கள்.

ரெஸ்லிங்கில் நிபந்தனை செய்வதும் அந்தச் சபதத்தின் வேலைதான். முடிவு எழுதப்பட்டது என்பது எனக்கும் தெரியும், என் வகுப்புப் பையன்களுக்கும் தெரியும். கீழே விழுவது மட்டும் எழுதி வைத்ததல்ல, பதினாறு அடி பதினாறு அடிதான்.

1998 ஜூன் 28, பிட்ஸ்பர்க் மேட்சை இதற்காகவே நினைவுபடுத்துகிறேன். மேன்கைண்டாக ஆடிய மிக் ஃபோலியை அண்டர்டேக்கர் செல்லின் உச்சியிலிருந்து கீழே வர்ணனையாளர் மேசை மேல் வீசினார். அது பேசி வைத்தது. ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகப்பட்ட ஃபோலி எழுந்து மறுபடி மேலே ஏறினார். அப்புறம் கூரை மேல் சோக்ஸ்லாம் (கழுத்தைப் பிடித்துத் தூக்கி அறைவது) போட்டபோது அந்தக் கம்பிப் பலகை பிய்ந்துகொண்டது. அவர் ரிங்குக்குள் விழுந்தார், கூடவே விழுந்த நாற்காலி முகத்தில் அடித்தது. இது யாரும் திட்டமிடாதது. சிரிக்கிற மாதிரி வாயைத் திறந்தபோது பல் உடைந்து மூக்குப் பக்கம் போயிருந்தது தெரிந்தது. அதன் பிறகும் மேட்சை முடித்துவிட்டுத்தான் போனார்.

அந்த மேட்சை நான் கொண்டாடமாட்டேன். அந்த மனிதரை மதிக்கிறேன். அதற்குப் பிறகு வந்தவர்கள் ஒவ்வொருவரும் அதைவிட உயரத்திலிருந்து விழவேண்டும் என்ற நெருக்கடியில் மாட்டிக்கொண்டார்கள். தலையில் நாற்காலியால் அடிப்பதை 2010-இல் நிறுத்தினார்களே, அது இன்னும் முன்னாலேயே வந்திருக்க வேண்டும். பள்ளியில் பெஞ்சு மேல் ஏறி எல்போ டிராப் போடும் பையன்களுக்கு இதை உட்காரவைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் நீங்களும் சொல்லுங்கள்.

பாலக்கோட்டான்

வாத்தியார் ஐயா, சபதம் என்று சொன்னீர்கள் பாருங்கள், நான் சொல்ல வந்தது அதேதான். ஃபோலி விஷயத்திலும் உங்களோடு நிற்கிறேன்.

உயரமும் கூண்டும் இல்லாமலே நிபந்தனை எவ்வளவு கனமாக இருக்க முடியும் என்பதற்கு ரெஸில்மேனியா 13. 1997 மார்ச், சிகாகோ. பிரெட் ஹார்ட், ஸ்டீவ் ஆஸ்டின், சப்மிஷன் மேட்ச். பின் கிடையாது, ஒருவன் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நிபந்தனை அந்த இரண்டு பேருக்காகவே அளவெடுத்து வைத்தது, ஏனென்றால் ஒருவர் (பிரெட்) ஷார்ப்ஷூட்டர் என்ற கால்பூட்டுப் பிடியில் பேர் வாங்கியவர், இன்னொருவர் தோற்றேன் என்று சொல்லவே தெரியாத ஆள். ஆஸ்டின் நெற்றி கிழிந்து முகமெல்லாம் ரத்தம், பிரெட் ஷார்ப்ஷூட்டரைப் போட்டுவிட்டார். ஆஸ்டின் இரண்டு கையையும் ஊன்றி மேலே எழும்பப் பார்க்கிறார், பற்களுக்கு நடுவே ரத்தம் வழிகிறது, கேமரா முகத்துக்கு நேரே. தட்டவில்லை. சொல்லவில்லை. வலியில் மயங்கிப்போனார். ரெஃப்ரியாக நின்ற கென் ஷாம்ராக் மேட்சை நிறுத்தினார்.

தோற்றவர் ஹீரோ ஆனார். ஜெயித்தவர், மயங்கிக் கிடந்தவரைப் பிறகும் அடித்ததால், கூட்டத்தின் திட்டோடு போனார். ஒரே மேட்சில் நல்லவன் கெட்டவனாகவும் கெட்டவன் நல்லவனாகவும் மாறியது. அந்த நிபந்தனை இல்லாமல் இது நடந்திருக்காது. மூன்று எண்ணி முடித்திருந்தால் அது ஒரு தோல்வி, அவ்வளவுதான்.

பென்னாகரத்துப்_பெண்

இதுவரை எல்லாரும் ஆண்கள் மேட்சையே பேசுகிறீர்கள், அதனால் நான் எழுதியே ஆக வேண்டும்.

பெண்களுக்கு நிபந்தனை என்றால் எதிரியின் உடையைக் கிழிப்பவள் ஜெயித்தவள் என்று வைத்த ஒரு காலம் இருந்தது. வீட்டில் அப்பா, அண்ணனோடு உட்கார்ந்து பார்க்கிறபோது சேனலை மாற்றுவார்கள். அதே பெண்கள் நல்ல மேட்ச் ஆடத் தெரிந்தவர்கள், ஆட விடவில்லை. அந்த இடத்திலிருந்து 2016 அக்டோபர் 30-க்கு வந்தார்கள்: பாஸ்டனில் சார்லட் ஃப்ளேர், சாஷா பேங்க்ஸ், ஹெல் இன் எ செல், அன்றைய கடைசி மேட்ச். 2018-இல் பெண்களுக்கு ராயல் ரம்பிள் வந்தது, அசுகா ஜெயித்தார். அதே வருஷம் எலிமினேஷன் சேம்பரும் வந்தது.

நடுவில் ஒன்றை மறக்க முடியாது. 2017-இல் பெண்களுக்கு முதல் மணி இன் தி பேங்க் லேடர் மேட்ச். எத்தனை பேர் எத்தனை வருஷம் காத்திருந்த மேட்ச்! கடைசியில் ஜேம்ஸ் எல்ஸ்வொர்த் என்ற ஆண் ஏணியில் ஏறிப் பெட்டியைக் கழற்றிக் கார்மெல்லாவின் கையில் போட்டார். வில்லத்தனமான முடிவு என்று எழுதியிருக்கலாம். ஆனால் முதல் மேட்சிலா அதைச் செய்வது? எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த வாரமே மேட்சை மறுபடி நடத்தினார்கள், கார்மெல்லாவே ஏறி எடுத்தார். அதை முதல் நாளே செய்திருக்கலாம்.

பாலக்கோட்டான் அண்ணாவின் அளவுகோலுக்குச் சரியாகப் பொருந்துவது 2018 எவல்யூஷன் நிகழ்ச்சியில் பெக்கி லிஞ்ச், சார்லட் ஆடிய லாஸ்ட் வுமன் ஸ்டாண்டிங். இருவரும் உயிர்த் தோழிகளாக இருந்தவர்கள். எப்போதும் சார்லட்டுக்கே வாய்ப்பு போகிறது என்று பெக்கிக்கு மனசு வெந்தது. பத்து எண்ணுவதற்குள் எழ முடியாதபடி ஒருத்தி கிடக்க வேண்டும் என்பது நிபந்தனை. தோழியை எழ முடியாமல் செய்தால்தான் தன் இடம் தனக்குக் கிடைக்கும் என்று வந்து நின்ற கதைக்கு வேறு எந்த விதி பொருந்தும்? ரிங்குக்கு வெளியே மேசை உடைய சார்லட்டைப் போட்டுவிட்டு பெக்கி நின்றதை ஆண்கள் மேட்ச் எதற்கும் குறைவாக நான் வைக்கமாட்டேன்.

ஓசூர்_நைட்ஷிஃப்ட்

அக்கா சொன்ன எவல்யூஷன் மேட்சுக்கு என் ஓட்டும் உண்டு. இரண்டாவது தடவை பார்க்கும்போது இன்னும் நன்றாக இருக்கும்.

மணி இன் தி பேங்க் பேச்சு வந்ததால் அதையும் சொல்கிறேன். கிறிஸ் ஜெரிக்கோவின் யோசனை, 2005 ரெஸில்மேனியா 21-இல் வந்தது. பெட்டிக்குள் இருக்கும் ஒப்பந்தத்தை ஒரு வருஷத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் காட்டிச் சாம்பியனைச் சண்டைக்கு இழுக்கலாம். முதல் பெட்டியை எடுத்த எட்ஜ் 2006 ஜனவரி 8 வரை பொறுமையாகக் காத்திருந்தார். ஜான் சீனா அன்றைக்கு சேம்பரில் ஐந்து பேரைத் தாண்டி, முகமெல்லாம் ரத்தத்தோடு நிற்கும்போது பெட்டியோடு வந்தார். இரண்டு ஸ்பியர் (ஓடிவந்து தோளால் இடிப்பது), முடிந்தது. விதிப்படி ஒரு தவறும் இல்லை, ஆனாலும் அவ்வளவு கயமை. ஒரு வருஷம் முழுக்க ஒவ்வொரு மேட்ச் முடியும்போதும், இப்போது வருவாரோ என்று நம்மைக் கதவைப் பார்க்க வைப்பது சாதாரண விஷயமா? இதற்கும் பகை தேவைப்படவில்லை அண்ணா.

பாலக்கோட்டான்

பந்தய மேட்ச் தனி என்று காவேரிப்பட்டணத்துக்காரர் பிரித்ததை நானும் எடுத்துக்கொள்கிறேன் தம்பி. பெட்டி அந்தப் பக்கம்.

ஆனால் சேம்பர், செல் இரண்டும் அந்தப் பக்கம் போகக் கூடாது. 2019 அக்டோபரில் சேத் ராலின்ஸும் ஃபீண்டாக வந்த பிரே வையட்டும் ஆடிய செல் மேட்சை ரெஃப்ரி நிறுத்தினார். டிஸ்குவாலிஃபிகேஷனே கிடையாது என்று பெயர் வாங்கிய கூண்டுக்குள், அடி அதிகம் என்று மேட்சை நிறுத்தினால் பார்க்கிறவனுக்கு எப்படி இருக்கும்? அரங்கம் முழுக்கக் கூச்சல். இருவருமே நன்றாக உழைத்தார்கள். தேதிக்காகக் கூண்டு இறங்கியது, யாரைத் தோற்க வைப்பது என்று முடிவு எடுக்க முடியவில்லை, நிபந்தனையையே கைவிட்டார்கள்.

ஊத்தங்கரை_தம்பி

பஞ்சாபி பிரிசன் பற்றி யாருமே சொல்லவில்லையே? நம்ம காலி மேட்ச்!

மாந்தோப்பு

சொல்கிறேன் தம்பி. மூங்கிலில் இரண்டு சிறை. உள்ளே இருப்பது நாலு பக்கம், வெளியே இருப்பது எட்டுப் பக்கம், இன்னும் உயரம். உள்ளே நாலு கதவு. ஒவ்வொன்றையும் ஒரு தடவைதான் திறப்பார்கள், அறுபது நொடியில் பூட்டிவிடுவார்கள். இரண்டையும் தாண்டி முதலில் தரையைத் தொடுபவன் ஜெயிப்பான். காலிக்காகவே உண்டாக்கிய மேட்ச். 2006-இல் முதல் தடவை நடக்கும்போது அவரே ஆட முடியாமல் பிக் ஷோ உள்ளே போனார், அண்டர்டேக்கர் ஜெயித்தார். 2007-இல் பட்டீஸ்டாவோடு காலி ஆடினார். 2017-இல் ஜிந்தர் மஹால், ரேண்டி ஆர்ட்டன். மொத்தமே மூன்று தடவைதான்.

காலி உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆன 2007-இல் நம் ஊர்களில் எவ்வளவு சந்தோஷம் என்பது தெரியும். இமாச்சலக் கிராமத்தில் பிறந்து பஞ்சாப் போலீஸில் இருந்த மனிதர் அங்கே போய் நின்றது பெரிய விஷயம், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. மேட்ச் வகையாகப் பார்த்தால் மட்டும் தேறவில்லை. அவ்வளவு நெருக்கமான மூங்கில், அரங்கத்தில் இருப்பவர்களுக்கு உள்ளே நடப்பது சரியாகத் தெரியாது. கதவு திறக்கிற விதி நல்ல விதி, அதை வைத்து யாரும் கதை எழுதவில்லை. பட்டீஸ்டா உள்சிறை உச்சியிலிருந்து வெளிச்சிறைக்குத் தாவிப் பிடித்துக்கொண்டு இறங்கினாரே, அந்த ஒரு இடம் மட்டும் மனசில் நிற்கிறது.

அரூர்_வாத்தியார்

பந்தயம் கட்டுவதில் மெக்சிகோக்காரர்களை யாரும் மிஞ்ச முடியாது. அங்கே முகமூடிதான் மானம். முகமூடிக்கு முகமூடி, முகமூடிக்குத் தலைமுடி என்று பந்தயம் வைப்பார்கள். தோற்றவன் முகமூடியைக் கழற்றி, தன் சொந்தப் பெயரைக் கூட்டத்தின் முன் சொல்ல வேண்டும். எல் சாண்டோ 1952 நவம்பரில் பிளாக் ஷேடோவின் முகமூடியை ஜெயித்தார், அவர் பெயர் பெரிதானது அதில்தான். சாண்டோ தன் முகமூடியை ரிங்கில் யாரிடமும் இழக்கவே இல்லை. 1984-இல் இறந்தபோது முகமூடியோடுதான் அடக்கம் செய்தார்கள். அங்கே ஏணியும் இல்லை, கூண்டும் இல்லை. ஒரு துணிக்காக ஒரு ஊரே நகம் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

பாலக்கோட்டான்

ஐயா, இதையே WWE பக்கம் செய்துகாட்டியது 2010 ரெஸில்மேனியா 26. இந்த இழையில் ஷான் மைக்கேல்ஸ் பெயர் எத்தனை இடத்தில் வந்திருக்கிறது பாருங்கள். 1997-இல் முதல் செல். 1998 ரம்பிள் ராத்திரியில் அண்டர்டேக்கரோடு கேஸ்கெட் மேட்ச், எதிரியைச் சவப்பெட்டிக்குள் போட்டு மூடினால் வெற்றி. அதில் பெட்டியின் விளிம்பில் முதுகு அடிபட்டு, சில மாதத்தில் ரிங்கை விட்டே போனார். 2002-இல்தான் திரும்பினார்.

2009 ரெஸில்மேனியாவில் அண்டர்டேக்கரிடம் தோற்றார். அந்தத் தோல்வி அவரை விடவில்லை. இன்னொரு மேட்ச் கொடு என்று ஒரு வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தார். அண்டர்டேக்கர் மறுத்தார். 2010 எலிமினேஷன் சேம்பரில் ரிங்குக்கு அடியிலிருந்து ஏறி வந்து உதைத்து, அவர் பெல்ட்டையே போகவைத்தார். அப்போதுதான் அண்டர்டேக்கர் சொன்னார்: சரி, மேட்ச் தருகிறேன், தோற்றால் உன் ரெஸ்லிங் வாழ்க்கை முடிந்தது. ரெஸில்மேனியாவில் தோல்வியே காணாத என் வரிசைக்கு எதிராக உன் தொழில். வேறு நிபந்தனைக்கு இடமே இல்லை. வெறி பிடித்துக் கேட்டவனிடம் அவன் உயிரையே பணயமாகக் கேட்டார்.

கடைசி இரண்டு நிமிஷம். டூம்ஸ்டோன் (தலைகீழாகத் தூக்கித் தலையைத் தரையில் இறக்குவது) போட்டும் மைக்கேல்ஸ் எழுந்துவிட்டார். அண்டர்டேக்கர் உடையின் தோள்வாரைக் கீழே இறக்கிவிட்டு, போதும், கீழேயே கிட என்கிற மாதிரி நிற்கிறார். மைக்கேல்ஸ் அவர் உடம்பைப் பிடித்துப் பிடித்து ஏறி, அண்டர்டேக்கர் செய்யும் கழுத்தறுக்கும் சைகையை அவர் முகத்துக்கு நேரே செய்துகாட்டிவிட்டுக் கன்னத்தில் ஒரு அறை விடுகிறார். அந்த அறைக்கு அர்த்தம் எல்லாருக்கும் தெரியும்: இரக்கம் வேண்டாம், முடித்துவிடு. அண்டர்டேக்கர் அவரைத் தூக்கி, குதித்து ஒரு டூம்ஸ்டோன் போட்டார். மூன்று எண்ணினார்கள். முடிந்ததும் கைகொடுத்து எழுப்பி அணைத்துக்கொண்டார்.

கூண்டு இல்லை, தீ இல்லை, மேசை ஒன்று உடைந்ததோடு சரி. நான் பார்த்த நிபந்தனை மேட்ச்களில் இதற்கு மேலே ஒன்றை வைக்க எனக்கு மனசு வராது.

பென்னாகரத்துப்_பெண்

அந்த அறையைப் பற்றி எழுதியதற்கு நன்றி அண்ணா. எங்கள் வீட்டில் அம்மாவும் அதைப் பார்த்துக் கண் கலங்கினார்கள், ரெஸ்லிங் பிடிக்காதவர்.

தொப்பூர் நண்பர் இன்னும் இருந்தால் அந்த ஒரு மேட்சை, 2009 மேட்சோடு சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

புதியவர்_தொப்பூர்

இருக்கிறேன். வாத்தியார் சொன்ன கூத்துக் கணக்கு யோசிக்க வைத்தது. ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் பார்க்கிறேன். அதற்கு முன் ஒரு கேள்வி. வார்கேம்ஸ் என்று ஒன்றைப் பார்த்தேன், இரண்டு ரிங், ஒரே கூண்டு. அதில் டாஸ் போட்டால் எப்போதும் வில்லன் அணியே ஜெயிக்கிறதே, ஏன்?

மாந்தோப்பு

நல்ல கேள்வி. வார்கேம்ஸ் டஸ்டி ரோட்ஸ் யோசித்தது, 1987 ஜூலை 4-இல் அட்லான்டாவில் முதல் தடவை. அணிக்கு ஒருவராக இரண்டு பேர் தொடங்குவார்கள். சில நிமிஷம் போனதும் டாஸ் ஜெயித்த அணியிலிருந்து ஒருவர் கூடுதலாக உள்ளே போவார். அப்புறம் மாற்றி மாற்றி. எல்லாரும் உள்ளே போன பிறகுதான் உண்மையான மேட்ச் ஆரம்பம், அதுவரை முடிவு கிடையாது. பழைய விதியில் பின்னும் இல்லை, எதிரணியில் ஒருவன் தோற்றேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

இப்போது நல்லவர் அணி டாஸ் ஜெயித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு ஹீரோ சேர்ந்து ஒரு வில்லனை அடிப்பார்கள். அதைப் பார்த்து யாருக்கும் கோபம் வராது, யாருக்கும் இரக்கமும் வராது. வில்லன் அணி ஜெயித்தால் நம் ஆள் தனியாக இரண்டு பேரிடம் மாட்டிக்கொள்வார். வெளியே அவர் தோழன் கம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டு நிற்பான், கடிகாரம் ஓடும், கதவு திறக்காது. கதவு திறந்து அவன் உள்ளே பாய்கிற அந்த நேரத்துக்காகத்தான் அந்த டாஸ். 2017-இல் WWE-யின் இன்னொரு பிரிவான என்எக்ஸ்டி இந்த மேட்சை மறுபடி கொண்டுவந்தது, 2022-லிருந்து சர்வைவர் சீரிஸ் நிகழ்ச்சியிலும் நடக்கிறது. இப்போது டாஸுக்குப் பதில் தனியாக ஒரு மேட்ச் வைத்தும் முதல் ஆள் யாருடையது என்று முடிவு செய்கிறார்கள். அதிலும் யார் ஜெயிக்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள்.